கைநாட்டுக்கு நான் இணங்கவில்லை, கந்தன் என்னைக் கைவிடவில்லை

கல்கத்தாவில், கிதிர்ப்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டேன். தீப்பிடித்தது. மறுபடியும் போட்டேன். மழைத் தண்ணீர் புகுந்து பலகையெல்லாம் ஊறி உப்பிப் போனது. காயவைத்து அதிலேயே பெட்டி அடித்தேன். தேயிலையோ இயந்திரமோ, கப்பலில் ஏறும் சரக்குக்கு மரப்பெட்டி வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்தார்கள். பவானிபூரில் மூன்று மாடி வீடு கட்டினேன். மகனை இன்ஜினியராக்கி சால்ட் லேக் ஆபீசில் உட்கார வைத்தேன். நம் முருகன் கோயில் மடப்பள்ளிக்குக் கூரை போட்டதும் நான்தான், யாரும் மறுக்க முடியாது. இத்தனைக்கும் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் ஹவுராவில் வந்து இறங்கியவன். முதல் ஒப்பந்தத்தில் விரலை வைக்கச் சொல்லி மை டப்பாவை நீட்டிய குமாஸ்தாவின் கையைத் தள்ளிவிட்டு, சுப்பையா என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அன்று முதல் இன்றுவரை எந்தக் காகிதத்திலும் என் பெருவிரல் பட்டதில்லை.

அப்படிப்பட்ட என்னை, போன வருஷம் துர்கா பூஜை முடிந்த கையோடு நோய் சாய்த்துவிட்டது. முதுகு வலித்தது. பலகை தூக்கிய முதுகுதானே என்று விட்டுவிட்டேன். ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் புற்று என்றார்கள். முதல் மருந்து கொஞ்ச நாள் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. இரண்டாவது மருந்து கேட்கவே இல்லை. சிறுநீரகமும் கெட ஆரம்பித்தது. அடியார்களே, யாருக்கும் பயப்படாத நான் அன்று பயந்தேன். ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன்.

என்னைப் பார்த்தது சின்ன வயது டாக்டரம்மா, வங்காளிப் பெண். என்னை ஜேட்டு என்பார். பெரியப்பா என்று அர்த்தம். அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஜேட்டு, புது மருந்து ஒண்ணை இங்க ஆராய்ச்சியில குடுத்துப் பாக்கிறோம். உங்களுக்குப் பொருந்தும்னு நினைக்கிறேன். ஆனா இடம் கொஞ்சம்தான் இருக்கு. உங்க சிறுநீரகம் இன்னும் கெட்டா, நான் ஆசைப்பட்டாலும் சேர்க்க முடியாது."

என் மகன் செந்தில் அதை அம்மாவுக்கு விளக்கினான். "இது சோதனை மருந்தும்மா."

என் மனைவி பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "முருகன் சோதிக்கிறது பத்தாதாடா? இவுங்க வேற சோதிக்கணுமா?"

"நான் சேருகிறேன்" என்றேன். சோதனை என்றால் ஓடுகிறவன் நான் இல்லை.

டாக்டரம்மா சம்மதப் படிவத்தை எடுத்தார். வங்காளத்தில் இருந்தது, இந்தியில் இருந்தது, இங்கிலீஷில் இருந்தது. தமிழில் இல்லை.

"வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வழி இருக்கு ஜேட்டு. வெளியாள் ஒருத்தர் சாட்சியா உக்காருவாரு. நான் முழுசும் வாசிச்சுச் சொல்லுவேன். நீங்க டிப்ஷோய் வச்சாப் போதும்."

டிப்ஷோய் என்றால் கைநாட்டு. எனக்குச் சுருக்கென்றது.

"எனக்கு வாசிக்கத் தெரியும். தினமும் தமிழ் பேப்பர் வாசிக்கிறேன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்படின்னா உங்ககிட்ட நான் டிப்ஷோய் வாங்கக் கூடாது. தமிழ்ப் படிவம்தான் வேணும். அதை எழுதி, நெறிமுறைக் குழு பாத்து ஒப்புக்கணும். அதுக்குள்ள இடம் முடிஞ்சாலும் முடிஞ்சிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே வராந்தாவில் பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயி வெந்தா போயிரும்?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"என்ன பொய்? வங்காளம் வாசிப்பீகளா நீங்க? பஸ்ஸு போர்டையே கண்டக்டர்கிட்டக் கேட்டுத்தான ஏறுறீக! இந்தப் பெருமையக் கட்டிக்கிட்டுக் கேவ்ராதலா சுடுகாட்டுக்கா போகப் போறீக?"

"அப்பா, ஒரு விரல்தானேப்பா" என்றான் செந்தில்.

"விரல்தான்டா. அதை வச்சுட்டா, உள்ளே என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கவே வேண்டாம்னு ஆயிருது. என் உடம்பை நான் வாசிச்சுத்தான் குடுப்பேன்."

பாக்கியம் அழுதாள். நான் இறங்கி வரவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன்.

ஆஸ்பத்திரியார் வெளியே யாரிடமோ கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கினார்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு சத்தமாக வாசித்தேன். "நீங்கள் ஒரு விசாரணையில் பங்கேற்க அழைக்கப்படுகிறீர்கள்."

"விசாரணையா? என்ன தப்புச் செஞ்சீக?" என்றாள் பாக்கியம்.

மேலே வாசித்தேன். "நீங்கள் இரண்டு கைகளில் ஏதேனும் ஒன்றில் வைக்கப்படுவீர்கள். எந்தக் கை என்பது உங்களுக்கோ மருத்துவருக்கோ தெரியாது."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கைன்னு டாக்டருக்கே தெரியாதாமே! போக வேண்டாங்க!"

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "புரியாததுல கையெழுத்து வாங்க மாட்டேன் ஜேட்டு. திரும்ப எழுதச் சொல்றேன்" என்றார். அன்று எடுத்த ரத்தத்தில் சிறுநீரகம் இன்னும் ஒரு படி கெட்டிருந்தது. "இன்னும் எல்லைக்குள்ளதான் இருக்கு. அடுத்த வாரம் எப்படியோ" என்றார்.

மறுநாள் கிருத்திகை. நடக்க முடியாது. செந்தில் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நான் கெஞ்சிப் பழகாதவன். ஆனால் அன்று கண்ணீர் அதுவாக வந்தது. "முருகா, விரலை வச்சாத்தான் பிழைப்பேன்னா, அதை நீயே என் காதில் சொல்லு, வச்சுடறேன். இல்லேன்னா எனக்கு வாசிக்கிற மாதிரி ஒரு காகிதம் குடு. எனக்கு நேரமில்லை. உனக்குத் தெரியும்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. காதில் ஒன்றும் கேட்கவில்லை. வேல் மட்டும் விளக்கில் மின்னியது.

பிரசாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கோயில் குழுவில் இருக்கும் ராமசாமி அண்ணாச்சி நலம் விசாரித்தார். சட்டைப் பையிலிருந்த அந்தக் காகிதத்தை எடுத்து, விசாரணையையும் கை சமாசாரத்தையும் வாசித்துக் காட்டினேன்.

"உமக்கு இருக்கிற வாய்க்கு ரெண்டு கையிலயும் வைப்பான்வே" என்றார் அவர்.

பின்னால் ஒரு பெண் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்கய்யா. அது கை இல்ல, பிரிவு. நோயாளிகள ரெண்டு பிரிவாப் பிரிப்பாங்க. இங்கிலீஷுல அதுக்குக் கைன்னு ஒரு சொல்லு. அத அப்படியே போட்டுருக்காவ. விசாரணைன்னு போட்டதும் அப்படித்தான், அது ஆராய்ச்சி."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் மதுரையில புத்துநோய் ஆஸ்பத்திரில, ஆராய்ச்சிப் பிரிவுல வேல பாத்தேன். நோயாளிகளுக்கு வாசிச்சுக் காட்டுற இந்தப் படிவத்தத் தமிழ்ல எழுதுறதுதான் என் வேல. என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி துறைமுகத்துல இருந்து இங்க மாத்தலாயிருச்சு. போன மாசந்தான் வந்தோம். இந்தக் கோயிலுக்கு இன்னைக்குத்தான் மொத தடவ வாரேன்."

சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அந்த மாறுதல் உத்தரவில் எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டாரோ தெரியாது. போட வைத்தவன் அவன்தான்.

அந்தப் பெண் பெயர் தேன்மொழி. மறுநாள் காலையே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இருவரும் இங்கிலீஷில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். தேன்மொழி எழுதினாள். தமிழ் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்து, அதைத் திரும்ப இங்கிலீஷில் எழுதச் சொல்லி, அர்த்தம் மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டார்கள். பிறகு நெறிமுறைக் குழுவுக்குப் போனது. அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். போன் அடித்தால் பாக்கியம் விளக்கு மாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். நடுவில் டாக்டரம்மா ஒருமுறை கூப்பிட்டார். "ஜேட்டு, இன்னொருத்தர் சேந்துட்டாரு. கடைசி இடம்தான் இருக்கு. அதையும் கேட்டு ஆள் வந்தா, உங்களுக்காக நான் பிடிச்சு வைக்க முடியாது." அன்று முழுதும் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். "முருகா, நீ சொல்லலையே" என்று சொல்லிக்கொண்டு பொறுத்தேன்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. குழு ஒப்புக்கொண்டுவிட்டது. இடமும் இருக்கிறது. அன்றைக்கு எடுத்த ரத்தமும் எல்லைக்குள் நின்றது.

படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே வாசித்தேன். டாக்டரம்மா, தேன்மொழி, செந்தில், பாக்கியம் எல்லோரும் காத்திருந்தார்கள். புது மருந்து யாருக்கு, வழக்கமான மருந்து யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் என்று இருந்தது. மருந்துப் பொட்டலம் இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி இருக்குமாம்.

"சாமி முன்னால பூக்கட்டிப் போட்டுப் பாக்கிற மாதிரியா?" என்று தேன்மொழியிடம் கேட்டேன்.

"அதே மாதிரிதான்யா. செவப்பா வெள்ளையான்னு எடுத்துக் குடுக்கிறவுகளுக்கும் தெரியாது."

பாக்கியம் கேட்டாள். "நடுவுல வேண்டாம்னு தோணுச்சுன்னா?"

"எப்ப வேணாலும் விலகலாம்மா. பழையபடி வைத்தியம் பாப்பாங்க. அதுவும் எழுதியிருக்கு" என்றாள் தேன்மொழி. அந்த இடத்தை நான் பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க" என்றாள்.

சுப்பையா என்று எழுதினேன். எழுத்து நேராக விழுந்தது.

இன்று நான் கோயில் படி ஏறி வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். புற்றின் அளவு ரத்தத்தில் நன்றாக இறங்கியிருக்கிறது. சிறுநீரகம் நிலைத்து நிற்கிறது. "குணமாயிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லாதீங்க ஜேட்டு, அடங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்கிறார் டாக்டரம்மா. எனக்கு விழுந்தது எந்தப் பூ என்று அவருக்கும் தெரியாது. முருகனுக்குத் தெரியும், எனக்கு அது போதும். விளக்கை அணைத்துவிட்டுத்தான் இப்போது தூங்குகிறேன். தமிழ்க் குடும்பம் யாராவது அந்த வராந்தாவில் பயந்து உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தமிழ்ல கேளுங்க, தருவாங்க" என்கிறேன். நோயோடு இருக்கிறவர்களே, அவனிடம் கேளுங்கள். கூசாமல், இன்னது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். மனிதரைக் கொண்டே அவன் செய்வான்.

கடைசியாக ஒன்று. கோயில் பலகையில், 'முருகன் அருளாலும் சகோதரி தேன்மொழியின் உழைப்பாலும் ஆஸ்பத்திரியில் தமிழ்ப் படிவம் வந்தது' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் சத்தியம். முருகனுக்குக் கோடி கும்பிடு, அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் நன்றி. ஆனால் நான் விரலை வைத்துவிட்டு வந்திருந்தால், அவ்வளவு தூரத்திலிருந்து அவளை அவன் வரவழைத்தது எதற்கு? அந்தப் படிவம் இன்னும் இல்லாமல்தான் இருந்திருக்கும். ஆகவே பலகையில் மூன்றாவது வரி வேண்டும்: 'கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சுப்பையா நின்றதாலும்.' கோயில் குழுவார் அடுத்த கிருத்திகைக்குள் எழுதிவிட வேண்டும். முருகன் பெயருக்குக் கீழே இருந்தால் போதும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.