விளாங்குடியில் நான் விட்ட இங்கிலீஷ் சவுண்டு

இன்னைக்கு விளாங்குடியில நம்ம மானம் போச்சு.

ஷேர் ஆட்டோவைத் திருப்புறேன், ஒரு பைக்காரன் குறுக்க விட்டு சைடு கண்ணாடியைத் தட்டிட்டுப் போறான். வந்த கோவத்துல "சன் ஆஃப் எ பிஸ்கட்!"னு கத்திட்டேன்.

பைக்கை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, திட்டுறதுன்னா நல்லாத் திட்டுங்கண்ணே. பேக்கரியில ஆர்டர் குடுக்குற மாதிரி இருக்கு."

வண்டியில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாங்க.

அது என் மக சொல்லிக்குடுத்த வார்த்தை. அவளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகையில ரோட்டுல போறவனையெல்லாம் திட்டுவேன். அவ காதைப் பொத்திக்கிருவா. ஒருநாள், "வெள்ளைக்காரங்க கெட்ட வார்த்தைக்குப் பதிலா இப்படிச் சொல்லித் தப்பிச்சுக்குவாங்கப்பா, நீங்களும் சொல்லுங்க"ன்னு பழக்கிவிட்டா. பத்தாவது தாண்டாத எனக்குச் சரளமா வர்ற ஒரே இங்கிலீஷ் அதுதான்.

இப்ப அவ கனடாவுல வேலை பார்க்குறா. ஊருக்கு வந்து வருசக்கணக்காச்சு. சாயங்காலம் போன்ல இந்தக் கூத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா.

"ஐயோ அப்பா, இன்னுமா அதைச் சொல்றீங்க? இங்க கோவம் வந்தா எனக்கே இப்ப நிஜ வார்த்தைதான் வருது."

"அப்படியாம்மா"ன்னு நானும் சிரிச்சு வச்சேன்.

உங்க வீட்டுல கோவத்துக்கு என்ன வார்த்தைன்னு கமெண்ட்ல போடுங்க மக்களே, நமக்குப் புதுசா ஒண்ணு தேவைப்படுது.

போனை வைக்கிறப்ப அவகிட்டக் கேட்காம முழுங்குனது இதுதான்: "நிஜ வார்த்தை வர்ற அளவுக்கு அங்க உன்னைய யாரு தாயி படுத்துறா? முடியலைன்னா கிளம்பி வந்துரு."