தேசிக்காய் வைத்த கை

என் மாமாவின் பழைய வானுக்குப் பக்தி அதிகம். மருதனார்மடம் சந்தியில் ஆஞ்சநேயரைக் கும்பிட அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுப்பார். உடனே வான் தானாக இடப்பக்கம் சாயும். "பாத்தியளே, வானும் ஒதுங்கிக் கும்பிடுது" என்பார். சின்னப் பெண்ணான நான் அதை முழுதாக நம்பினேன்.

பின் இருக்கைகளைக் கழற்றி, பலகை அடித்து, மெத்தை போட்டு, காஸ் அடுப்பும் ஏற்றி மாமா அந்த வானை ஓடும் வீடாக்கியிருந்தார். அதில் குடும்பமாகக் கதிர்காமம் போவதாக ஏற்பாடு. நான் ஒரு மாதமாக அதே நினைப்பில் இருந்தேன். மாமிக்கு மட்டும் மனம் சரியில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் அவர் முன் டயரடியில் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, உந்த டயர் உள்பக்கம் தேய்ஞ்சு போச்சு. வீல் அலைன்மென்ட் பாக்காமல் அவ்வளவு தூரம் போகேலாது."

"உமக்கு வானைப் பற்றி என்ன தெரியும்? வெளியாலை பாரும், புதிசு மாதிரிக் கிடக்கு" என்றார் மாமா.

வெளிப்பக்கம் உண்மையிலேயே புதிதுபோலத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் மாமா பக்கம் நின்று சிரித்தோம். மாமி கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி உள்ளே போனார்.

மறுநாள் காலை வானுக்குக் கற்பூரம் காட்டியாயிற்று. சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைத்து வானை ஏற்றி நசிக்க வேண்டும். எப்போதும் மாமாதான் வைப்பார். அன்று மாமி தேசிக்காய்த் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் அவர் பின்னாலேயே போனேன். இடப்பக்க முன் சில்லடியில் பழத்தை வைத்தவர், குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு கையை டயரின் உள்பக்கம் விட்டார். வெளியே எடுத்தபோது விரலில் இரத்தம். தேய்ந்த இடத்தில் டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வெளிக்கிடேக்கை இரத்தம் பட்டிட்டுது. இண்டைக்குப் போறது சரியில்லை" என்றார் மாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. வானைப் பற்றி யார் சொன்னாலும் கேளாத மனிதர், சகுனத்துக்கு மட்டும் மறுபேச்சுப் பேசமாட்டார். பயணம் நின்றது. நான் வான் மெத்தையில் விழுந்து அழுதேன். மாமிமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சும்மா நிற்கிற நாள்தானே என்று மாமா வானை எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருநெல்வேலியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். கழற்றிப்போட்ட டயரைப் பார்த்துவிட்டு வந்தவர் புது டயருக்குக் காசெடுக்க நேரே அலுமாரியைத் திறந்தார். புது டயர் போட்டு, சில்லுகளை நேராக்கிய பிறகே புறப்பட்டோம். மருதனார்மடத்தில் மாமா கையை எடுத்தார். வான் கும்பிடாமல் நேரே போனது. எனக்கு அதுவும் ஏமாற்றம்.

நாங்கள் எல்லோரும் கதிர்காமம் போய் முழுசாகத் திரும்பி வந்தோம். இன்று என் பிள்ளைகளோடு நெடுந்தூரம் வெளிக்கிடும்போதெல்லாம் மாமியை நன்றியோடு நினைக்கிறேன். பூனை குறுக்கே போனாலும் நில்லாமல் நடப்பவர் அவர். அவர் ஏன் அன்று சகுனம் பார்த்தார் என்பதும், கம்பியைக் கண்ணால் கண்ட பிறகும் ஏன் அதன்மேலேயே விரலை வைத்து அழுத்தினார் என்பதும், பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அப்போது விளங்கவில்லை.