பூட்டிய ஸ்டுடியோவில் டார்டாரிக் அமிலம்

அல்சூரில் எங்கள் ஆன்லைன் கோச்சிங் கம்பெனியின் ஸ்டுடியோ ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச், ஜன்னல் கிடையாது. வகுப்பு லைவில் போகும் ஒன்றரை மணி நேரமும் யாரும் தவறி உள்ளே வந்துவிடக் கூடாது என்று கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அங்கே கெமிஸ்ட்ரி நடத்துகிறேன்.

அன்று இரண்டு மூலக்கூறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து உறவு கண்டுபிடிக்கும் பாடம். இரண்டும் ஒன்றேதானா, இல்லை இடது கையும் வலது கையும் போல ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத கண்ணாடி பிம்பங்களா? பொருந்தாவிட்டால் எனான்ஷியோமர். புளிக்குப் புளிப்பைக் கொடுக்கிற டார்டாரிக் அமிலத்தின் ஒரு வகையை வரைந்தேன். முதல் படத்தில் இரண்டு ஓஹெச்சும் வலப்பக்கம், அடுத்ததில் இரண்டும் இடப்பக்கம். அன்றைக்கு அது எனக்கு நாலாவது வகுப்பு, வாய் தன்பாட்டுக்கு ஓடியது. "எனான்ஷியோமர். அடுத்தது!" என்றேன்.

திரையில் ஒரு மாணவியின் கேள்வி வந்தது. "மேம், ரெண்டாவது படத்தைத் தலைகீழா சுத்தினா முதல் படம்தானே வருது? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஐயோ! அவள் சொன்னதுதான் சரி. திருத்த வாயெடுப்பதற்குள் ஹெட்ஃபோனில் ஸ்டுடியோ பொறுப்பாளரின் கன்னடம் கலந்த குரல். "பேடா மேடம், வேண்டாம். யானைக்கும் அடி சறுக்கும், ஒத்துக்கறேன். அதை யானையே லைவ்ல சொல்லக் கூடாது. உங்க கான்ட்ராக்ட் ரினியூவல் மாசம், ஞாபகம் வெச்சுக்கோங்க." இதே பதிவைத்தான் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் போடுவார்கள். அதைக் கெடுத்தவருக்கு மறுபடி வேலை கிடைப்பது சந்தேகம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "நல்லா பாரும்மா, நடுவுல கண்ணாடி இருக்கு. பேசிக்ஸை ஒழுங்கா படிச்சுட்டு வா" என்றேன்.

"ஸாரி மேம்" என்று வந்தது.

கதவு திறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அத்தனை நேரமும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வார டெஸ்ட்டில் அதே இரண்டு படங்கள் வந்தன. விடைப்பட்டியல் என் வகுப்பிலிருந்து எடுத்தது. அவள் விடையைத் தேடித் திறந்தேன். எனான்ஷியோமர். பக்கத்தில் பச்சை டிக். சரியாகத் தெரிந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டேனே பாவி! நிஜப் பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. அங்கேயும் இப்படி எழுதினால் அவள் மார்க் என்னால் போகும். ஆஸ்டின் டவுனில் என் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வகுப்பில் கதவு பூட்டப்பட்டதும் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கத்துகிறவர் கத்திக்கொள்ளட்டும். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ரெண்டும் ஒரே மூலக்கூறு. கேள்வி கேட்ட பொண்ணு சொன்னதுதான் சரி. அவளைத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன்.

அவளிடமிருந்து பதில் வந்தது.

"தெரியும் மேம். பரீட்சையில சரியாதான் எழுதுவேன். உங்க டெஸ்ட்ல உங்களுக்குப் பிடிச்சதை எழுதினாதானே மார்க்?"