உமாசங்கரும் ‘விழுந்ததும்’ என்ற சொல்லும்

தென்காசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் உமாசங்கர் பத்தொன்பது ஆண்டுகளாக டிசைனர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதை அடுக்கிக் கொடுப்பது அவர் வேலை. சொந்தமாக அவர் எழுதியது ஒன்றே ஒன்றுதான். அது ‘மேகக்கோட்டை’ என்ற அட்டை விளையாட்டு.

ஆளுக்கு ஒரு செட்; அதிலிருந்து பொறுக்கிய நாற்பது அட்டையோடு ஆட வேண்டும். வீரன், பூதம், மந்திரம் என்று பல வகை. அட்டையை இறக்க நெல் கொடுக்க வேண்டும்; இறக்கியதைப் பலிபீடத்தில் வெட்டினால் ஒரு நெல் கிடைக்கும். எதிராளியின் கோட்டையைத் தகர்ப்பவன் ஜெயிப்பான். முதல் செட் அறுபத்து நான்கு அட்டைகளோடு வந்து ஏழு வருஷம் ஆகிறது. படம் வரைந்தது, விதி எழுதியது, அச்சகத்தில் ஓனரிடம் கேட்டு அடித்து மூலை வெட்டியது எல்லாம் அவரே. குத்துக்கல்வலசையில் ஜோதிலட்சுமி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ஞாயிறு பிற்பகல் ஒன்பது பேர் கூடி ஆடுவார்கள்.

இரண்டாவது செட்டில்தான் வினை வந்தது. அதில் உமாசங்கர் புகுத்திய ‘சாபம்’ என்ற விதியால் ஓர் ஆட்டம் இரண்டு மணி நாற்பது நிமிஷம் இழுத்தது. பாதியில் ஆறு பேர் எழுந்து போனார்கள். போகாமல் உட்கார்ந்து சிரித்தவன் யாசர். பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன். துபாயில் நான்கு வருஷம் இருந்தபோது அறைக்கூட்டாளிகளோடு வெளிநாட்டு அட்டை விளையாட்டுகளை ஆடித் தேர்ந்தவன். எந்த விதியையும் வாசித்தவுடன் அதில் ஓட்டை எங்கே என்று தேடுவான். உமாசங்கருக்கு அவன் சிரிப்பே ஆகாது. அவனுக்கு உமாசங்கர் பேனாவை விடாமல் பிடித்திருப்பது ஆகாது.

கடைசியில் ஒன்பது பேரும் கையெழுத்திட்டு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மூன்றாவது செட்டின் புது விதியை யாசர் சோதித்து ஆட வேண்டும். விதி உடைந்தால், இனி விதி எழுதும் உரிமை யாசருக்கு. உடையாவிட்டால் அவன் வாயைத் திறக்கக் கூடாது.

உமாசங்கர் எட்டு மாதம் உழைத்தார். புது விதியின் பெயர் ‘அருவி’. இரண்டு பேருக்கும் நடுவில் ‘மலை’ என்று ஓர் இடம். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஓர் அட்டையை அதில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஐந்தாவது அட்டை வைத்ததும் தண்ணீர் விழும். முன்வரிசையில் நிற்கும் வீரர்கள் எல்லாரையும் அது அடித்துக்கொண்டு போகும். அந்தச் சமயத்தில் மட்டும் பலன் தரும் அட்டைகள் பதினான்கு. அவை ஒவ்வொன்றிலும் பலன் ‘விழுந்ததும்’ என்ற சொல்லோடு தொடங்கியது.

ஜூலை 14, ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்துக்குச் சோதனை ஆட்டம் தொடங்கியது. மூன்று இருபத்தொன்றுக்கு யாசர் அந்தப் பதினான்கில் ஒரு பூதத்தை இறக்கினான்.

“அண்ணாச்சி, இந்தப் பூதத்தை உங்க பலிபீடத்துல வெட்டுதேன்.”

“வெட்டு. ஒரு நெல் எடுத்துக்கோ. பூதம் போச்சு.”

“எங்க போச்சு? ‘விழுந்ததும், கைக்குத் திரும்பும், இரண்டு அட்டை எடு’ன்னுல்லா போட்டிருக்கிய. வெட்டினேன், விழுந்துட்டு. ரெண்டு அட்டை எடுக்கேன். அந்த ஒரு நெல்லைக் குடுத்துப் பூதத்தை மறுபடி எறக்குதேன். மறுபடி வெட்டுதேன். கட்டு தீருற மட்டும் இப்படியே எடுத்துக்கிட்டே இருப்பேன்.”

“ஏலே, நிறுத்துலே! அது தண்ணி விழுந்ததும்லே, கிறுக்குப்பயலே!”

“தண்ணின்னு எங்கன இருக்கு? தொட்டுக் காட்டுங்க. எனக்குக் கண்ணு பத்தலையோ என்னவோ.”

“அருவிக்குப் பக்கத்துல தென்காசில கெடந்துக்கிட்டு ‘விழுதா’ன்னு கேட்டா, என்ன விழுதுன்னு எவனாச்சும் திருப்பிக் கேப்பானா?”

யாசர் முதல் செட்டின் விதிப் புத்தகத்தை எடுத்தான். நான்காம் பக்கம், பதினோராம் விதி. “‘உயிர் தீர்ந்த வீரன் விழுந்தவன் ஆவான்.’ இது யாரு எழுதினது? எங்க வாப்பாவா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உமாசங்கருக்குக் காது மடல் சுட்டது. அந்த வரியை எழுதியது அவர்தான். அப்போது அருவி என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

“யாருக்கு வேணும்னாலும் போன் போடு ஜோதி. ‘விழுதா’ன்னு மட்டும் கேளு. அதுக்கு மேல ஒரு எழுத்துப் பேசாத” என்றார்.

ஜோதிலட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள். குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் துண்டும் சோப்பும் விற்கும் அவள் பெரியப்பா மகன் கடற்கரை போனை எடுத்தான்.

“அண்ணே, விழுதா?”

“விழுதாவா? ஆர்ச்சுக்கு மேல ஊத்துது. குளிக்க ஒருத்தனையும் விடல. இன்னைக்கு வந்துராதீய.”

உமாசங்கர் மேசையை ஓங்கித் தட்டினார். “இப்பம் பேசுலே!”

“குத்தாலத்துக்காரன்ட்ட கேட்டா வேற என்ன சொல்லுவான்?” என்றான் யாசர். “அக்கா, அருவியே இல்லாத திருவேங்கடத்துல உங்க சித்தி இருக்காவல்லா? அவியளுக்குப் போடுங்க.”

சித்தி முருகம்மாள் எடுத்தாள்.

“சித்தி, விழுதா?”

“விழுந்துட்டாளா? யாருட்டீ, ஒங்கம்மையா? எந்த ஆசுபத்திரி? இந்தா பஸ்சுக்குக் கெளம்புதேன்!”

யாரும் விழவில்லை என்று அவளை நம்பவைக்க நான்கு நிமிஷம் ஆனது. யாசர் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஜோதிலட்சுமி போனை வைத்தாள். “அட்டை போற ஊருக்கெல்லாம் நீங்களும் கூடப் போயி விளக்கம் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஆனா விதி நல்ல விதி. ‘தண்ணீர்’னு ஒரே வார்த்தை முன்னால சேத்து எழுதிருங்க. உடஞ்சதா கணக்கு எழுதாம விட்டுருதேன். சரியா யாசர்?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. அவுக எழுதட்டும். நான் பக்கத்துல நின்னு சரியா எழுதுதாவளான்னு பாக்கேன்.”

உமாசங்கர் பேனாவைத் திறந்திருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் மூடினார்.

“எழுத மாட்டேன்.”

“ஒரு வார்த்தைக்காகவா?” என்றாள் ஜோதிலட்சுமி.

“தண்ணி விழுதுன்னு இந்த ஊர்ல எழுதிக் காட்டணும்னா, அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம். அவனையே எழுதச் சொல்லு.”

ஏழு வருஷமாகத் தன்னிடம் இருந்த உரிமையை இப்படிச் சொல்லித்தான் விட்டார். வேறு யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை.

யாசர் ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, பதினான்கு அட்டைகளையும் வரிசையாகப் பரப்பி எழுதத் தொடங்கினான். உமாசங்கர் மேசைக்கு எதிர்ப்பக்கம். எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதல் அட்டையிலேயே கண்டுவிட்டார். ‘தண்ணிர்’ என்று எழுதியிருந்தான். ‘ணீ’யின் கொக்கி சுழியவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. பதினான்காவது முடிகிறவரை நின்று பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

அச்சுக்கு வேறு இடம் இல்லை. ஆகஸ்ட் 6 அன்று யாசர் அந்த அட்டைகளோடு அச்சகத்துக்கு வந்தான். உமாசங்கர் அவன் எழுதியிருந்தபடியே டைப் செய்து, பிழை பார்க்கப் புரூப்பை நீட்டினார்.

“சரியா இருக்கா அண்ணாச்சி?”

“ஒன் எழுத்து. நீ பாத்துக்கோ.”

யாசர் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். தேதியும் போடச் சொன்னார் உமாசங்கர். போட்டான். ஒன்பது செட்டுக்கு நூற்று இருபத்தாறு அட்டைகள். அன்று மாலையே அடித்து, மூலை வெட்டி, ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார்.