தச்சுக்குப் போன புள்ளிகள்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பண்டாரவளையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் "போய் வேலையப் பாருங்க" என்று விரட்டுகிறவன். கடைசியில் நான் சொல்லப்போகும் போன் என் கைக்கே வந்து சேர்ந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதில் நடுச்சாமம் கிடையாது, சுடுகாடும் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், சரியாக மூன்று பத்துக்கு நடந்தது.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஜெசிந்தினி என்று ஒரு பெண். லயத்து வரிசை வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். கூட இருப்பது அம்மா செசிலியும் அண்ணன் றுஷாந்தனும். அண்ணன் வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறான். அப்பா போன பிறகு அந்த வீட்டைத் தாங்குவது அவன்தான். தை மாதம் அவனுக்குக் கலியாணம். கோட்டு தைக்கப்போவது தங்கச்சி.

லயத்தில் சிக்னல் வராது. மேட்டில் இருக்கும் பழைய தச்சுக் கொட்டகையின் வாசற்படியில் மட்டும்தான் நாலு கோடு காட்டும். தோட்டத்துத் தச்சர் பொன்னையா வேலை செய்த இடம் அது. தோட்டத்தில் யார் செத்தாலும் அவர்தான் வந்து அளந்து பெட்டி செய்வார். கொரோனாவில் அவரே போனார். ஆஸ்பத்திரியிலேயே மூடிக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். அத்தனை பேரை அளந்த மனிதரை அளக்க ஓர் ஆள் இல்லை. கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

அந்தப் படியில் உட்கார்ந்துதான் ஜெசிந்தினி தினமும் மூன்று மணிக்கு ஒரு விளையாட்டு விளையாடுவாள். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து ஆடுவது. ஒரு கட்டம் ஏறினால் ஐந்து புள்ளி கிடைக்கும். அதைத் தையல், கொல்லர் வேலை, மருந்து, தச்சு என்று நமக்கு வேண்டிய கைத்தொழிலில் போட்டுக்கொள்ளலாம். ஜெசிந்தினி எல்லாவற்றையும் தையலில் போடுவாள். தச்சு பூச்சியம்.

"அங்க போயும் தையல்தானா? வெளங்கிரும்!" என்று அண்ணன் கேலி செய்வான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்கறி லோட்டுக்குக் கிளம்பிய அண்ணனை அந்தப் படியில் வைத்தே கோட்டுக்கு அளந்தாள். டேப்பை வீட்டில் மறந்துவிட்டிருந்தாள். கதவோரம் வழவழப்பாக ஒரு கம்பு சாய்ந்திருந்தது. அதை அவன் பக்கத்தில் நிறுத்தி, உயரத்துக்கு ஒரு கீறல், தோளுக்கு ஒரு கீறல், சாவி நுனியால் போட்டாள். மறுநாள் டேப்போடு வந்து கீறல்களை அளந்தாள். ஐந்தடி ஒன்பது. தோள் பதினெட்டரை அங்குலம். போனில் குறித்துக்கொண்டாள். கலியாணத்துக்குத் தனக்குத் தைக்கப்போகும் சட்டையின் அளவையும் அதற்குக் கீழே எழுதினாள். கம்பை இருந்த இடத்திலேயே சாய்த்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை. மூன்று பத்து. மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டம் ஏறினாள். ஐந்து புள்ளி வந்தது. அவள் விரல் வைக்குமுன்பே தச்சு 5 என்று காட்டியது. ஈரக் கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். திரையில் அவளுக்காக ஆடும் பொம்மை ஆள் ஊசியைப் போட்டுவிட்டு மரம் அறுக்கும் வாளை எடுத்து அறுக்க ஆரம்பித்தது. ர்ர்க்... ர்ர்க்...

சத்தத்தைக் குறைக்கப் போனாள். போனில் சத்தம் ஏற்கெனவே நிறுத்தித்தான் இருந்தது.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். "என் புள்ளிய நீயா மாத்துன?"

"பைத்தியமா? நான் லோட் இறக்கிக்கிட்டு இருக்கேன்."

புதன்கிழமை. மூன்று பத்து. தச்சு 10. இந்த முறை ஆள் ஒரு பெட்டி செய்தது. அந்த விளையாட்டில் எல்லாப் பெட்டியும் சதுரம். இது நீளம். கீழே எழுத்து வந்தது. 'உயரம் 5 அடி 9. தோள் 18½. மூடி இல்லை. மூடிக்குத் தச்சு 15 வேண்டும்.'

அந்த விளையாட்டில் அடி, அங்குலம் என்ற கணக்கே கிடையாது.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். செசிலி கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"எதுல அளந்த?"

"கதவுகிட்ட இருந்த கம்புலம்மா."

"அடிப்பாவி! அது பொணம் அளக்குற கம்புடி!"

"எனக்கு எப்படிம்மா தெரியும்..."

"உசுரோட இருக்குறவங்க பக்கம் பொன்னையா அதக் கொண்டுவரவே மாட்டாரு. அளந்துட்டா பெட்டி செஞ்சே ஆகணும்னுவாரு."

இருவரும் மூடுபனிக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். கம்பைக் காணோம். கதவு பூட்டியபடி இருந்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்து மழை. அண்ணன் லோட்டோடு அப்புத்தளை இறக்கத்தில் வரும் நாள். அவனை எப்படியாவது நிறுத்த வேண்டும். பேச வேண்டுமென்றால் அந்தப் படிக்குத்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. மேட்டில் ஏறினாள்.

2.58. அழைத்தாள். கிடைக்கவில்லை.

3.04. கிடைக்கவில்லை.

3.07. விளையாட்டு தானாகத் திறந்தது.

மூடினாள். திறந்தது. மூடினாள். திறந்தது... அவள் ஆடவே இல்லை. கட்டம் தானாக ஏறியது. ஐந்து புள்ளி.

3.10.

தச்சு 11.

கழித்தல் குறியை அழுத்தினாள். 10. மறுபடி 11.

12.

முதுகுக்குப் பின்னால், பூட்டிய கதவுக்குள்... ர்ர்க்... ர்ர்க்...

13.

இரண்டு பெருவிரலாலும் அழுத்தினாள். நகம் வலித்தது.

14.

அவள் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"பொன்னையா மாமா! எங்கண்ணன விட்டுருங்க! வேணும்னா என்னய எடுத்துக்குங்க!"

சத்தம் நின்றது.

ஐந்து புள்ளியும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகத் தையலில் போட்டாள். பெட்டி மூடி இல்லாமல் அப்படியே நின்றது.

3.16க்குப் போன் அடித்தது. அண்ணன்.

"தங்கச்சி... லொறி நடு ரோட்டுல தானா நின்னுருச்சு. எறங்கி என்னன்னு பாக்குறேன், முன்னாடி வளைவுல மலை அப்படியே சரிஞ்சுருச்சு. நிக்காம இருந்தா நான் அதுக்குள்ள..."

"எத்தன மணிக்குண்ணே நின்னுச்சு?"

"மூணு பத்து இருக்கும். ஏன்?"

அவள் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

வெள்ளிக்கிழமை என் கடைக்கு வந்தாள். "அண்ணே, இத அழிச்சுக் குடுங்க, போகவே மாட்டேங்குது." அப்போதுதான் இவ்வளவையும் சொன்னாள். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது. விளையாட்டை அழித்தேன். அவள் குறித்துவைத்தவை பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒரு தடவை திறந்து பார்த்தேன். இருந்தன.

சனிக்கிழமை போனை வாங்க றுஷாந்தன் வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. காலையில் தோட்டத்து ஆபீசில் சாவி வாங்கிக் கொட்டகையைத் திறந்தானாம். பூட்டு துருப்பிடித்து இறுகிப்போய், எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்ததாம். உள்ளே தரையெல்லாம் புதிய மரத்தூள். மேசை மேல் அந்தக் கம்பு.

"எரிச்சிட்டியா?"

"எரிக்கத்தான்ணே போனேன். ஆனா தங்கச்சி போட்ட கீறல் ரெண்டும் இல்ல. யாரோ வழிச்சு எடுத்திருக்காங்க. வேற ரெண்டு கீறல் புதுசா இருக்கு."

"அளந்து பார்த்தியா?"

"பார்த்தேன். அஞ்சடி ஒண்ணு. தோள் பதினாலரை. யாரோட அளவுண்ணே அது? எங்க தோட்டத்துல யாருக்கும் சொகமில்லன்னு கேள்விப்படலையே..."

தெரியாது என்றேன். பொய். முந்திய நாள் அந்தப் போனில் 'அண்ணன் 5-9, தோள் 18½' என்பதற்குக் கீழே நான் படித்த வரி இது: 'எனக்கு 5-1, தோள் 14½.'

பிறகு மனம் கேட்காமல் அந்த வரியைக் காட்டப் போனைப் போட்டேன். நான் அழித்த விளையாட்டு திறந்தபடி இருந்தது. கடைச் சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

தச்சு 14.