ரங்கூனில் பதிந்த பேர்

நாலாவது வரைதான் படித்தவன். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்காகவும், சொந்த ஊரிலேயே எங்களை ‘ரங்கூன்காரவுக’ என்று அழைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் மனைவி முத்துலட்சுமி இங்கே சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு நர்ஸ் வேலைக்குப் போனாள். ரங்கூனில் வெள்ளைதான், வார்டில் அவள் வந்தால் டாக்டர்களே வழிவிடுவார்கள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அதே வெள்ளையில் போன முதல் நாளே திருச்சுழிப் பக்கத்து மாமியார் ஒருத்தி, பிரசவத்துக்கு வந்த மருமகளின் கட்டிலை மறித்துக்கொண்டாள். “தாலியறுத்தவ கையிலயா எம் பேரப்பிள்ள பொறக்கணும்?” முத்துலட்சுமி தாலியை எடுத்துக் காட்டினாள். “புருசன் இருக்கையிலயே வெள்ள கட்டுறது அதவிட மோசம்த்தா” என்றாள் அந்தக் கிழவி. தலைமை நர்ஸ் எஸ்தரம்மா வேதக்காரர்; அவர் வெள்ளை கட்டுவதை யாரும் கேட்பதில்லை. அவர்தான் இவளைச் சேலை மாற்றச் சொன்னார். பிறகு இவள் கையில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தன. நானும் அங்கேயே தண்ணீர் இறைக்கிறேன்.

போன மாதம் மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாள் வந்து, சுற்றுவட்டாரத்துத் தலைமை நர்சுகளை உட்காரவைத்து நர்ஸ் சட்டத்தை விளக்கினார். இந்த மாகாணத்தில் பேர் பதிந்தவரே நர்ஸ். பதியாதவரை வேலைக்கு விட்டால் தலைமை நர்ஸ்தான் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்தரம்மா எழுந்தார். “ரங்கூன்ல பதிஞ்சவுக?”

“அங்கேயிருந்து உறுதி வரணும்.”

“அங்க ஜப்பான்காரன்ல இருக்கான். அவன்கிட்டயா கேக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். மெட்ராஸ் அம்மாள் சிரிக்கவில்லை. “பதியாத ஒருத்தி கையில தாயும் பிள்ளையும் போனா, யாரைப் போய்க் கேப்பீங்க?”

குடத்தோடு வாசலில் நின்ற நான் கூச்சத்தை விட்டு, “அவ பாஸ் பண்ணத நான் பாத்தேம்மா” என்றேன்.

“நீங்க யாரு?”

“அவ வீட்டுக்காரன்.”

மறுபடியும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து அந்த அம்மாளைத் திட்டினேன். முத்துலட்சுமி அரிசி புடைத்தபடியே சொன்னாள்: “அவுக சொல்றது சரிதாங்க. ரங்கூன்ல என் வார்டுக்குள்ள பதியாதவள நானும் விட்டிருக்க மாட்டேன்.”

இந்த மண்ணில் பிறந்தவள். பேர் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம்.

நேற்று மல்லாங்கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். உள்ளே எஸ்தரம்மா ஒற்றையாளாய் இருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஆயாவாகிவிட்ட முத்துலட்சுமி வெந்நீரைத் திரை வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றாள். உள்ளே “முக்கு தாயி” என்று கேட்கும்போதெல்லாம், திரைக்கு இந்தப் பக்கம் அவள் கைகள், பிள்ளைத் தலையைத் தாங்குவதுபோல் விரிந்து விரிந்து நின்றன.

சுபானு வருஷம், ஆவணி மாதம் 12.