நாற்பத்தோரு கிலோ

இதை என்னால நிரூபிக்க முடியாது. ஆனா நடந்தது எனக்கு, என் கையால.

பிரேசில்ல, காஷியாஸ் ஊர்ல, பஸ் கட்டற கம்பெனியில பத்தொன்பது வருஷமா இருக்கேன். பஸ்ஸைக் கம்ப்யூட்டர்லயே உருட்டிக் கவுத்து, அதோட இரும்புக் கூண்டு தாங்குதான்னு பாக்கறது என் வேலை. மாடலை அடுக்கடுக்கா வெச்சிருப்போம். மேல பஸ். அதுக்குக் கீழ கூண்டு, படிக்கட்டு, சீட்டுங்க. ஒவ்வொரு சீட்டுக்கும் கீழ ஒரு பயணி. பயணின்னா உருவம் கிடையாது, வெறும் எடை. எல்லாருக்கும் ஒரே எடை.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை மதியம். வெளிய ஒரே பனிமூட்டம். ஆபீஸ்ல நான் மட்டும். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு மாடல் போகலைன்னா என் இடத்துக்கு வேற ஆள்னு மேனேஜர் சொல்லிட்டார். மொத்த எடையோ 41 கிலோ கூடக் காட்டுது.

கூட வேலை பாக்கற இவெச்சிக்குப் போன் போட்டேன். அவ வீட்ல கறி சுட்டுக்கிட்டிருந்தா. "போன வாரம் இங்க வந்து தின்னியே, அந்த எடையா இருக்கும்ப்பா. தேடி அழிச்சிட்டு வா, எலும்பாவது மிச்சம் வெக்கறேன்"னா.

தேடினேன். 22-ம் சீட்டுக்குக் கீழ ரெண்டு பயணி. ரெண்டாவதுக்குப் பேரில்ல. 41 கிலோ. நாங்க யாரும் அந்த எடையைப் போடறதே இல்ல.

3:31. அழிச்சேன். சேவ் பண்ணித் திரும்பத் திறந்தேன்.

மறுபடியும் 41 கூட. இப்ப 14-ம் சீட்டுக்குக் கீழ.

3:48. அழிச்சேன்.

3-ம் சீட்டு.

4:02. அழிச்சேன்.

படிக்கட்டு...

4:10. அழிச்சேன்.

கீழ பட்டறையில 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம். பஸ் கதவு திறக்கற சத்தம். எட்டிப் பாத்தேன். அங்க பஸ்ஸே இல்ல.

திரும்பினேன்.

41 கிலோ பஸ்ஸுக்குள்ள எந்த அடுக்கிலயும் இல்ல. வெளிய... தனியா நின்னுச்சு.

எனக்கு வேலை முக்கியம்...

4:12. அழிச்சேன்.

எடை சரியாச்சு.

புதன்கிழமை, நாங்க கட்டின பஸ் ஒண்ணு சர்வீஸுக்கு வந்துச்சு. கண்ணாடியில நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காணவில்லை. மரினேஸ், வயசு 14. எடை 41 கிலோ.

அதை ஓட்டற டிரைவர் வால்சிர்கிட்ட கேட்டேன். ஞாயித்துக்கிழமை மலைப்பாதையில, இதே பஸ்ல 22-ம் சீட்ல உக்காந்திருந்த பொண்ணாம். சீட்டு மாத்தி மாத்தி முன்னாடி வந்து, நாலு பத்துக்கு நிறுத்தச் சொல்லி இறங்கிருச்சாம். ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பாத்தா பனியில ஆளில்ல. இன்னும் கிடைக்கல.

"ஏன் இறங்கிச்சு?"

வால்சிர் என் முகத்தைப் பாக்கல.

"எந்த சீட்ல உக்காந்தாலும் யாரோ தள்ளி விடறாங்கண்ணேன்னு அழுதுச்சு. நான் சிரிச்சேன்."